ஏழாம் அத்தியாயம்: ஹால் லைட்டைப் போட்டால் பீஸ் போகிறது

“பீஸ் போயிடுச்சுண்ணா” என்று கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் ஒருவர் போன் செய்தால், அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். பல்பு எரிந்துபோனது ஒன்று. வீட்டுப் பலகையில் இருக்கிற பீஸ் கட்டைக்குள் கம்பி உருகியது இன்னொன்று. ட்ரான்ஸ்பார்மரில் பீஸ் போய்த் தெருவே இருட்டானது மூன்றாவது. வார்த்தை ஒன்றுதான், போய்ப் பார்க்க வேண்டிய இடம் மூன்று. அதனால் அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் பையைத் தூக்குவதற்கு முன்னால் “எதும்மா போச்சு?” என்று கேட்டுக்கொள்வார்.

பல்பு மட்டும் போயிருந்தால் வேறு பல்பு போட்டால் முடிந்தது. தெருவுக்கே இல்லையென்றால் ஈபியைக் கூப்பிட வேண்டும். இந்த அத்தியாயம் நடுவில் இருப்பதைப் பற்றியது. கூரையில் தொங்குகிற ஒரு விளக்கு, அதைப் போட்டால் பலகையில் பீஸ் போகிறது, கம்பி மாற்றினால் மறுபடியும் போகிறது. பீஸ் கட்டை இல்லாமல் எம்சிபி வைத்த வீடாக இருந்தால் அது ‘டப்’பென்று விழும். பழுது ஒன்றுதான், தேடுகிற வழியும் ஒன்றுதான்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பீஸ் எங்கோ இருக்கிற பழுதைச் சொல்லுகிறது. கம்பியைத் தடியாகப் போட்டால் பழுது அப்படியே இருக்கும், சொல்லுகிற வாய் மட்டும் அடைபடும்.

கையில் இருக்க வேண்டியவை

லைன் டெஸ்டர் ஒன்று, ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், 5 ஆம்பியர் பீஸ் கம்பி ஓர் அட்டை, நன்றாக எரிகிற ஒரு பல்பு, டார்ச். ஏறுவதற்கு ஆடாத மர ஸ்டூல். காலில் காய்ந்த ரப்பர் செருப்பு. மல்டிமீட்டர் இருந்தால் பாதி வேலையைக் கரண்டே இல்லாமல் முடித்துவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கூட ஓர் ஆள். நீங்கள் ஸ்டூல் மேல் நிற்கும்போது மெயின் அருகே யாராவது நிற்க வேண்டும். “கரண்ட் வந்துடுச்சா பாரு” என்று யாரோ மெயினைப் போட்டுப் பார்ப்பதுதான் இந்த வேலையில் நடக்கிற பெரிய விபத்து.

ஏறுவதற்கு முன்

சுவிட்சை நிறுத்தியது போதாது, மெயினை நிறுத்துங்கள். பல வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் மாட்டியிருப்பார்கள். அந்த வீட்டில் சுவிட்ச் நின்றிருந்தாலும் ஹோல்டர்வரை பேஸ் வந்து நிற்கும். சுவிட்சை நிறுத்திய பிறகும் எல்இடி பல்பு மினுக் மினுக்கென்று லேசாக எரிகிறதென்றால் இந்தத் தவறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை நிறுத்தினால் இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஹால் விளக்கு பெரும்பாலும் அதன் லைனில்தான் இருக்கும். மெயினையும் நிறுத்தி, இன்வெர்ட்டரையும் நிறுத்திய பிறகே ஏறுங்கள்.

டெஸ்டரை நம்பும் முன் டெஸ்டரையே சோதியுங்கள். கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, மெயினை நிறுத்தி, பிறகு விளக்கின் கம்பிகளில் வையுங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எல்லா இடத்திலும் ‘கரண்ட் இல்லை’ என்றுதான் சொல்லும்.

எப்போது போகிறது?

ஒரு வாரம் பீஸ் போன வீட்டில் காரணத்தைப் பாதி கண்டுபிடித்திருப்பது அந்த வீட்டுக்காரர்கள்தான். அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். கேட்க வேண்டியது இது: எப்போது போகிறது?

சுவிட்சைத் தட்டிய அந்தக் கணமே போகிறதென்றால் ஷார்ட். பேஸும் நியூட்ரலும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஐந்து, பத்து நிமிடம் எரிந்த பிறகு போகிறதென்றால் ஒன்று லோடு அதிகம், அல்லது பீஸ் கட்டையில் திருகு தளர்ந்து சூடேறுகிறது. மழை நாளில் மட்டும் போய், இரண்டு நாள் வெயில் அடித்தால் சரியாகிவிடுகிறதென்றால் தண்ணீர் இறங்குகிறது. சுவிட்சே போடாதபோதும் போகிறதென்றால் அந்த விளக்கை விட்டுவிட்டு வேறிடம் தேடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும் போகிறதென்றால் அந்த நேரத்தில் வேறு என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

கடைசிக் கேள்வியை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். 9 வாட் எல்இடி பல்பு இழுக்கிற கரண்ட் 0.04 ஆம்பியர். 5 ஆம்பியர் பீஸுக்கு இது ஒரு தூசு. அந்த பீஸ் 1,150 வாட் வரை தாங்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர் இழுக்கும். 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு 6.5 ஆம்பியர். விளக்கு லைனில் இருக்கிற பிளக்கில் யாராவது ராடைச் சொருகினால் பீஸ் போகக்கூடும், பழி கூரையில் இருக்கிற விளக்கின் தலையில் விழும். ஒரு விளக்கு சர்க்யூட்டில் 10 பாயின்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்திய வயரிங் தரவிதி. 800 வாட் என்றால் மூன்றரை ஆம்பியர். அதனால்தான் அந்த சர்க்யூட்டுக்கு 5 ஆம்பியர் பீஸ்.

பீஸ் கட்டையைப் படியுங்கள்

மெயினை நிறுத்தி, கட்டையை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பி நடுவில் மட்டும் உருகி, இரண்டு முனையிலும் கடுகு மாதிரி சின்ன உருண்டை நிற்கிறது, பீங்கான் வெள்ளையாகவே இருக்கிறது என்றால் லோடு மெல்ல ஏறிப் போயிருக்கிறது. கம்பியே காணோம், பீங்கான் முழுக்கக் கறுப்பும் செம்பு நிறமுமாகத் தெறித்திருக்கிறது என்றால் ஷார்ட். திருகுக்குப் பக்கத்தில் மட்டும் அறுந்து, அந்தத் திருகு நிறம் மாறியிருந்தால் விளக்கில் பழுதே இல்லாமல் இருக்கலாம். கட்டையில்தான் லூஸ். திருகைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுக் கம்பி போட்டு இறுக்கினால் தீர்ந்தது. கட்டை கருகி விரிசல் விட்டிருந்தால் அதையும் அதன் அடிக்கட்டையையும் மாற்றச் சொல்லுங்கள்.

எம்சிபி இப்படி அடையாளம் வைத்துவிட்டுப் போகாது. அது விழுகிற நேரம்தான் அடையாளம். போட்ட உடனே விழுந்தால் ஷார்ட், நிதானமாக விழுந்தால் லோடு. விழுந்ததை இரண்டு முறைக்கு மேல் தூக்கி விடாதீர்கள்.

ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள்

1. மெயினை நிறுத்துங்கள். அந்த சர்க்யூட்டில் உள்ள எல்லா சுவிட்சையும் நிறுத்துங்கள், பிளக்குகளை உருவுங்கள், ஹால் பல்பைக் கழற்றுங்கள். 5 ஆம்பியர் கம்பி போட்டு மெயினைப் போடுங்கள். இப்போதே போனால் பழுது சுவிட்சுக்கு முன்னால், பலகையிலோ சுவருக்குள் ஓடும் பைப்பிலோ இருக்கிறது. இதோடு நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

2. பீஸ் நின்றால், ஹால் விளக்கை விட்டுவிட்டு மற்ற சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஒன்றில் போனால் குற்றவாளி அந்த லைன். ஹால் விளக்கு நிரபராதி.

3. எல்லாம் நின்றால், பல்பு இல்லாமலே ஹால் சுவிட்சைப் போடுங்கள். இப்போது போகவில்லையென்றால் சந்தேகம் பல்பின் மேல்தான். மெயினை நிறுத்தி, வேறு அறையில் எரிந்துகொண்டிருந்த நல்ல பல்பை மாட்டிப் போட்டுப் பாருங்கள். நின்றால் பழைய பல்பைத் தூக்கிப் போடுங்கள்.

4. பல்பு இல்லாமலே பீஸ் போனால், மெயினை நிறுத்தி, கூரையில் ஒயர் இறங்குகிற இடத்தில் இருக்கும் சீலிங் ரோஸைத் திறந்து, கீழே தொங்குகிற ஒயரைக் கழற்றுங்கள். கூரையிலிருந்து வருகிற கம்பிகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, ஒன்றோடொன்று படாமல் விலக்கிவிட்டு, பீஸ் கம்பியும் மெயினும் போட்ட பிறகு சுவிட்சைப் போடுங்கள். நின்றால் பழுது தொங்கும் ஒயரிலோ ஹோல்டரிலோ. அப்போதும் போனால் பழுது சுவிட்சுக்கும் கூரைக்கும் நடுவில் இருக்கிற பைப்புக்குள். அது எலக்ட்ரீஷியன் வேலை.

சீலிங் ரோஸைத் திறந்ததும் இரண்டு கம்பிக்கு மேல் இருந்தால் கழற்றாதீர்கள். முதலில் செல்போனில் ஒரு படம் எடுங்கள். அடுத்த பாயின்டுக்குப் போகும் கம்பியும் அங்கேயே சேர்ந்திருக்கலாம். புது விளக்கு மாட்டிய அன்றே பீஸ் போகத் தொடங்கினால் முதல் சந்தேகம் இதுதான்: சுவிட்சிலிருந்து திரும்பி வருகிற கம்பியை நியூட்ரல் என்று நினைத்து நியூட்ரலோடு சேர்த்திருப்பார்கள். நிறத்தை நம்பிச் செய்கிற தவறு இது. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது முறை. வீடு கட்டும்போது கையில் எந்தச் சுருள் மிச்சம் இருந்ததோ அதை ஓட்டியிருப்பது வழக்கம்.

மல்டிமீட்டர் இருந்தால் இதையே கரண்ட் இல்லாமல் செய்யலாம். மெயின் நிறுத்தி, பீஸ் கட்டையை உருவி, பல்புகளைக் கழற்றி, பிளக்குகளை உருவிய பிறகு, அந்த சர்க்யூட்டின் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். எதுவும் காட்டக் கூடாது. சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். மின்விசிறி சில நூறு ஓம் காட்டும், அது பழுதல்ல. எதைப் போட்டதும் எண் பூஜ்யத்துக்கு அருகில் விழுகிறதோ அதுதான் லைன். ஈரத்தால் வருகிற கசிவை மட்டும் இந்தச் சின்ன மீட்டர் சில நேரம் காட்டாது. அதற்கு இன்சுலேஷனை அளக்கிற 500 வோல்ட் மெக்கர் வேண்டும். அதில் குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும்.

சீரிஸ் பல்பு

மேலே சொன்ன வழியில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கம்பி செலவாகும். பழைய எலக்ட்ரீஷியன்கள் இதற்கு ஓர் எளிய உபாயம் வைத்திருக்கிறார்கள். மெயினை நிறுத்திவிட்டு, பீஸ் கட்டை இருந்த இடத்தில் இரண்டு முனைக்கும் நடுவில் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டுவார்கள். பிறகு மெயினைப் போட்டால் அந்தப் பல்பே பேசத் தொடங்கும். லைனில் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தோடு எரியும். ஷார்ட் இல்லையென்றால் அணைந்தே இருக்கும், அல்லது மங்கலாக எரியும். எவ்வளவு பெரிய ஷார்ட்டாக இருந்தாலும் அந்த வழியில் 0.43 ஆம்பியருக்கு மேல் போக முடியாது என்பதால் எதுவும் கருகாது. பல்பு எரிந்துகொண்டிருக்க, கூரையில் ஒவ்வோர் இணைப்பாக விலக்கி வருவார்கள். எதை விலக்கியதும் பல்பு அணைகிறதோ, பழுது அங்கே.

பலகை திறந்திருக்கிற நிலையில் செய்கிற வேலை இது. தெரிந்தவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். குண்டு பல்பு கடைகளில் அருகிவருகிறது, கிடைத்தால் ஒன்றை எடுத்து வையுங்கள். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது.

கழற்றும்போது கண்ணில் படுபவை

பல்பு: எல்இடி பல்புக்குள் இருக்கிற சின்ன சர்க்யூட் போர்டில் ஒரு பாகம் ஷார்ட் ஆனால் பல்பு எரியாமலே பீஸைத் தூக்கும். இடி மின்னலுக்கு மறுநாள் இது அதிகம்.

ஹோல்டர்: பின் பல்பு மாட்டும் ஹோல்டருக்குள் இரண்டு ஸ்பிரிங் குமிழ்கள் இருக்கும். ஒன்று சாய்ந்து மற்றதைத் தொட்டால் பல்பை அழுத்தித் திருகும்போது பீஸ் போகும். பேக்லைட்டில் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தால் அதைத் துடைத்துப் பயன் இல்லை. அந்தக் கரிக்கோடே கரண்டுக்கு ரோடு. ஹோல்டரை மாற்றுங்கள்.

சீலிங் ரோஸ்: மூடியைத் திறந்தால் எறும்பு, குளவி மண், சில சமயம் காய்ந்துபோன பல்லி. இரண்டு திருகுக்கும் நடுவில் பல்லி கிடந்தால் வேறு காரணம் தேட வேண்டாம்.

பேன்சி லைட்: இரும்புத் தகடு வைத்த விளக்கைக் கூரையோடு சேர்த்துத் திருகும்போது ஒயர் தகட்டுக்கும் சிமென்டுக்கும் நடுவில் நசுங்கும். வெளியே தெரியாது. தகட்டைக் கழற்றினால் ஒயரில் நகம் பதிந்தது போல ஒரு வெட்டு இருக்கும்.

தண்ணீர்: கான்கிரீட் கூரையில் விரிசல் வழியே இறங்கும் மழை, பைப்புக்குள் ஓடி, விளக்குப் பெட்டியில் வந்து சொட்டும். சீலிங் ரோஸைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்த விளக்கை நம்பாதீர்கள். மேல்தளத்தை அடைக்காமல் கீழே எத்தனை ஹோல்டர் மாற்றினாலும் வீண்.

எலி: மரவள்ளியோ தானியமோ அடுக்கிய வீட்டில் ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் எலி ஓடும். அது கடித்த இடத்தில் செம்பு பளபளவென்று தெரியும். டேப் சுற்றிச் சமாளிக்காமல் அந்தத் துண்டையே மாற்றுங்கள்.

புகையும் பனியும்: கல்வராயன் மலையில் சின்ன கல்வராயன் சராசரியாக 2,700 அடி உயரம், பெரிய கல்வராயன் 4,000 அடி. மார்கழி, தை மாதங்களில் காலைப் பனி வீட்டுக்குள்ளும் ஏறும். விறகு அடுப்பு எரிகிற வீட்டில் ஹோல்டர் மேல் புகைக்கரி படிந்திருக்கும். காய்ந்த கரி சும்மா இருக்கும், பனியில் நனைந்த கரி கரண்டைக் கடத்தும். பீங்கான் ஹோல்டர் போட்டு, மாதம் ஒரு முறை மெயினை நிறுத்திக் காய்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

மலைமேல் ஒரு வீடு

கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஓர் ஊர். ஓட்டு வீடு. நடுக்கூடத்தில் உத்தரத்திலிருந்து ஒரு முழ ஒயரில் பல்பு தொங்குகிறது. ஒரு வாரமாகத் தினமும் பீஸ் போயிருக்கிறது. பையன் சலித்துப்போய், மிச்சம் இருந்த ஒயரிலிருந்து மூன்று இழை உருவி முறுக்கி, பீஸ் கட்டையில் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு வீட்டு பீஸ் போகவில்லை. மீட்டர் பக்கத்தில் இருக்கிற கட்-அவுட் போய் வீடே இருண்டது. லைன்மேன் வந்து அதைப் போட்டுவிட்டு, “உள்ள எங்கியோ ஷார்ட்டு இருக்குது, ஆள வச்சிப் பாருங்க” என்று சொல்லிப் போயிருக்கிறார்.

நான் போனது பகலில். பல்பைப் போட்டேன், எரிந்தது. கால் மணி நேரம் பார்த்தேன், எரிந்துகொண்டே இருந்தது. ஸ்டூலைப் போடப் போனபோது அடுப்படியிலிருந்து அந்த அக்கா சொன்னார்:

“பகல்ல எரியும் தம்பி. ராத்திரி பின்கதவத் தொறந்தாதான் போயிடும்.”

எழுந்து பின்கதவைத் திறந்தேன். மலைக்காற்று உள்ளே வந்தது. பல்பு ஊஞ்சல் மாதிரி ஒரு பக்கம் போய்த் திரும்பியது. இரண்டாவது ஆட்டத்தில் ஹோல்டருக்குள் நீலமாக ஒரு பொறி. வீடு இருட்டு.

மெயினை நிறுத்திவிட்டு ஹோல்டரின் மூடியைத் திருகிக் கழற்றினேன். ஒயரின் மேலுறை விரல் பட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கிக் கையில் கொட்டியது. ஹோல்டருக்குள் ஓர் அங்குலத்துக்கு இரண்டு கம்பியும் வெறுமையாக நின்றன, நடுவில் ஒரு நூல் அளவு இடைவெளி. பல வருஷம் அந்த ஹோல்டரில் 100 வாட் குண்டு பல்பு எரிந்திருக்கிறது. அதன் சூடு மேலேறி உறையை வறுத்துவிட்டது. எல்இடி போட்ட பிறகு சூடு நின்றது, வறுபட்ட ஒயர் அப்படியே நின்றது.

செய்த வேலை அரை மணி நேரத்துக்குக்கூட வராது. தொங்கும் ஒயரை முழுவதும் மாற்றினேன். ஹோல்டர் புதிது. ஹோல்டருக்குள்ளும் சீலிங் ரோஸுக்குள்ளும் ஒயரில் ஒரு முடிச்சுப் போட்டேன், பல்பின் பாரம் திருகில் விழாமல் முடிச்சில் நிற்கும். இழைகளை முறுக்கி, திருகு இறுகும் திசையிலேயே வளைத்துச் சுற்றினேன். ஓர் இழைகூட மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கடைசியில் பீஸ் கட்டையிலிருந்து அந்த மூன்று இழையை உருவிப் பையனிடம் கொடுத்துவிட்டு, 5 ஆம்பியர் கம்பி போட்டேன்.

வீட்டில் எல்லோரும் பீஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவைப் பார்த்தவர் அந்த அக்கா ஒருவர்தான்.

பீஸ் கம்பி எவ்வளவு தடிமன்?

5 ஆம்பியர் பீஸ் கம்பியின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். 1.5 சதுர மில்லி வீட்டு ஒயரை உரித்தால் 0.3 மில்லிமீட்டர் இழைகள் 22 இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான். ஆனால் அந்த ஓர் இழை உருக ஏறக்குறைய 13 ஆம்பியர் வேண்டும். மூன்று இழை முறுக்கினால் 35 ஆம்பியரைத் தாண்டும். சுவருக்குள் ஓடுகிற விளக்கு ஒயரோ சுமார் 15 ஆம்பியரிலேயே சூடேறத் தொடங்கும். மூன்று இழை போட்ட வீட்டில் முதலில் உருகப் போவது பீஸ் அல்ல, சுவருக்குள் இருக்கிற ஒயரின் உறை. ஓட்டு வீட்டிலும் கூரை வீட்டிலும் அந்த ஒயர் மரத்தின் மேல்தான் ஓடுகிறது.

கம்பி மாற்றும்போது அட்டையில் 5 ஆம்பியர் என்று அச்சிட்டதை வாங்குங்கள். ஒற்றைக் கம்பியாக, இழுத்துப் பிடிக்காமல், லேசான தளர்வோடு போடுங்கள். இறுக்கி இழுத்த கம்பி திருகும்போதே மெலிந்து, காரணமில்லாமல் அறும். பீஸ் போனதற்குக் காரணம் தெரியாமல் மூன்றாவது கம்பி போடாதீர்கள்.

பீஸ் போகாத பழுது

இதுவரை பீஸ் போவதைப் பற்றிப் பேசினோம். பீஸ் போக வேண்டிய இடத்தில் போகாமல் இருப்பது இதைவிட மோசம்.

இரும்பு உடம்பு உள்ள விளக்கில் பேஸ் ஒயர் நசுங்கி உடம்பைத் தொடுகிறது என்று வையுங்கள். எர்த் கொடுத்திருந்தால் கரண்ட் அதன் வழியே ஓடி பீஸ் போகும். எர்த் கொடுக்காத வீட்டில் ஒன்றும் நடக்காது. விளக்கு பளிச்சென்று எரியும். ஒட்டடை அடிக்க ஈரக் கையோடு ஏறியவருக்குத்தான் தெரியும்.

எர்த் கொடுத்திருந்தாலும் கல்வராயன் மலையில் இன்னொரு சங்கடம் உண்டு. எர்த் குழி பாறையில் முட்டி நின்றிருக்கும், கோடையில் மண் காய்ந்திருக்கும். அந்த எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் ஓடும் கரண்ட் 4.6 ஆம்பியர். 5 ஆம்பியர் பீஸ் அசையாது. விளக்கின் உடம்பில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். இதற்கு மருந்து ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது விழுந்துவிடும். மேடான பாறை நிலத்தில் வீடு கட்டியவர்கள் டைல்ஸில் கொஞ்சம் குறைத்தாவது இதை வாங்கி வைக்க வேண்டும். கரி, உப்பு போட்ட எர்த் குழிக்குக் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் இல்லாத விளக்கு லைனில் இரும்பு விளக்கு மாட்டாதீர்கள். பீங்கான், பிளாஸ்டிக் போதும்.

யார் எதைச் செய்யலாம்?

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி இதைத் தெளிவாகப் பிரித்தது. விளக்கு, மின்விசிறி, பீஸ், சுவிட்ச் போன்றவற்றை இருந்த அளவிலும் தன்மையிலும் மாற்றம் இல்லாமல் மாற்றிக்கொள்ள உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போகிற வயரிங் வேலைக்கு உரிமம் பெற்றவர் வேண்டும். பின்னால் வந்த ஒழுங்குமுறைகளும் இதே கோட்டில்தான் நிற்கின்றன. ‘இருந்த அளவில் மாற்றம் இல்லாமல்’ என்பதை இன்னொரு முறை படியுங்கள். 5 ஆம்பியர் இருந்த இடத்தில் மூன்று இழை போடுவது அந்தக் கோட்டைத் தாண்டுவது.

நீங்கள்: பல்பு, ஹோல்டர், தொங்கும் ஒயர், வீட்டு பீஸ் கம்பி.

எலக்ட்ரீஷியன்: சுவருக்குள் பைப், பலகை, சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது, எர்த், மழைநீர் இறங்கிய லைன்.

ஈபி: மீட்டர், அதன் சீல், கட்-அவுட், கம்பத்திலிருந்து வரும் ஒயர். இவற்றில் கை வைக்காதீர்கள். எல்லாப் பல்பும் திடீரென்று அளவுக்கு மீறிப் பிரகாசித்து ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கினால் வெளியே நியூட்ரல் அறுந்திருக்கலாம். பீஸைத் தேடாமல் உடனே மெயினை நிறுத்துங்கள். மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987, இரவிலும் எடுப்பார்கள். மலை ஊர்களில் லைன்மேன் வந்துசேர நேரம் பிடிக்கும் என்பதால் சொல்லும்போதே ‘என் வீட்டுக்கு மட்டும்’, ‘தெருவுக்கே’ என்று பிரித்துச் சொல்லுங்கள்.

பலகைக் கதவில் ஒட்ட ஓர் அட்டை

ஒரு பழைய காலண்டர் தாளைக் கிழித்து, பீஸ் பலகைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். பீஸ் போகும் ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம் எழுதுங்கள்: தேதியும் நேரமும், எந்த சுவிட்ச் போட்டபோது, மழையா காற்றா, அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், இல்லாவிட்டால் எழுத மாட்டீர்கள்.

அடுத்த தடவை எலக்ட்ரீஷியன் வந்து “எதும்மா போச்சு?” என்று கேட்கும்போது அந்தத் தாளைக் காட்டுங்கள். அதில் மூன்று வரி இருந்தாலே அவர் சரியான இடத்தில் ஸ்டூலைப் போடுவார்.